பிரசவ அறைக்குள் வந்த மல்லிகைச் சரம்

குழந்தை இறந்து பிறந்தது உடம்புக்குத் தெரியாது. இரண்டு மூன்று நாளில் தாய்க்குப் பால் சுரந்துவிடும். குடிக்க வாய் இல்லாததால் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும், காய்ச்சல் அடிக்கும், கையைத் தூக்கக்கூட முடியாது. இதற்கு நம் ஊர்க் கிழவிகள் வைத்திருந்த கைவைத்தியம் ஒன்று உண்டு. தொடுத்த மல்லிகையை மார்பின் மேல் வைத்துக் கட்டிவிடுவார்கள்.

அந்தக் கைவைத்தியத்தை வேலூர் சிஎம்சி மருத்துவமனை டாக்டர்கள் ஒதுக்கிவிடாமல் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். முடிவு 1988இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மகப்பேறு மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு பிரிவுப் பெண்களுக்குப் பால் நிறுத்த அப்போது வழக்கத்திலிருந்த புரோமோகிரிப்டின் மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு மல்லிகைச் சரம்: ஒவ்வொரு மார்பிலும் 50 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுச் சரம் மாற்றினார்கள். ஐந்து நாள் இப்படி நடந்தது. பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரு பிரிவிலுமே குறைந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கு இன்னும் அதிகமாகக் குறைந்தது. ஆனால் பால்கட்டு, சுரந்த பாலின் அளவு, வலி மாத்திரை கேட்டது ஆகியவற்றைப் பார்த்தால் பூவும் மாத்திரையும் சமமாகவே நின்றன. மாத்திரையை நிறுத்தியதும் சிலருக்குப் பால் திரும்பச் சுரந்தது. அதே புரோமோகிரிப்டினை, சிலருக்கு உயர் ரத்த அழுத்தமும் பக்கவாதமும் வந்ததால், 1990களின் நடுவில் அமெரிக்கா இந்தப் பயன்பாட்டிலிருந்தே எடுத்துவிட்டது.

வேலை செய்தது வாசமா, பூ தோலில் பட்டதா என்று இந்தச் சோதனை பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டுமே இருக்கலாம். வாசத்துக்கான வழி இது: மூக்கின் நரம்பு நேராக மூளையில் உணர்ச்சிகளைக் கையாளும் பகுதிக்குப் போகிறது. புரோலாக்டினுக்குக் கடிவாளம் போடும் ஹைப்போதலாமஸ் அதற்குப் பக்கத்து வீடு மாதிரி. எது எப்படியோ, வாசனை வைத்தியத்தை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கு நம் பக்கத்திலேயே கிடைத்த நல்ல முன்மாதிரி இது. என்ன கொடுத்தோம், எவ்வளவு, எத்தனை நாள், எதை அளந்தோம் என்று எல்லாமே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த ஒழுங்கைப் பிரசவ வலியிலும் கொண்டுவர முயன்றவர்கள் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு மருத்துவச்சிகள். அங்குள்ள ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில் 1990 முதல் 1998 வரை 8,058 பெண்களுக்குப் பிரசவ நேரத்தில் வாசனை எண்ணெய் கொடுத்துப் பதிவு செய்தார்கள். லாவெண்டர், ரோஜா, குந்திரிக்கம் உட்பட பத்தே எண்ணெய்கள். குமட்டல், தலைவலி, அரிப்பு போன்ற தொந்தரவு வந்தது நூற்றில் ஒருவருக்குத்தான். அந்தக் காலத்தில் அங்கே வலி குறைக்கும் பெத்திடின் ஊசி போட்டுக்கொண்டவர்கள் 6 சதவீதத்திலிருந்து 0.2 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆனால் யாருக்கு எண்ணெய், யாருக்கு இல்லை என்று குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. அப்படிப் பிரித்த ஆய்வுகளை 2011இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழு தேடியபோது இரண்டுதான் கிடைத்தன; மொத்தம் 535 பெண்கள். வலியிலோ சிசேரியன் எண்ணிக்கையிலோ வித்தியாசம் தெரியவில்லை. நான் இதை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: வாசனை பயத்தைத் தணிக்கலாம். வலியைப் போக்கும் என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம்.

தோல் பதனிடும் எங்கள் மேல்விஷாரத்தில் வாசனையைப் பற்றிப் பேசும்போது நாற்றத்தையும் பேசியாக வேண்டும். மசக்கைக் காலத்தில் பச்சைத் தோலின் வாடையும் சுண்ணாம்புத் தொட்டியின் வாடையும் குடலைப் புரட்டும். உடனே ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே, பெட்டியிலிருக்கும் அத்தர் என்று கை போகும். இவை வாடையை மறைக்கும், காற்றிலிருப்பதை அகற்றாது. தோலின் முடியை நீக்கப் போடும் சோடியம் சல்பைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அதன் அளவு மிக அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போய்விடும். கர்ப்பிணி அந்த இடத்தை விட்டு விலகுவதும், வீட்டில் நல்ல காற்று வரும் பக்கத்து ஜன்னலைத் திறப்பதும்தான் வழி.

வாசனை எண்ணெய் விஷயத்தில் பயிற்சி பெற்றவர்கள் பார்ப்பது அளவைத்தான். முதல் மூன்று மாதம் தவிர்ப்பார்கள். அதன்பிறகும் ஒரு சதவீதம்தான், அதாவது ஐந்து மில்லி சாதா எண்ணெய்க்கு ஒரு சொட்டு. உள்ளுக்குக் கொடுக்கவே மாட்டார்கள். பிரசவ வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் டிரிப் ஏறும்போது, கருப்பைச் சுருக்கத்தைக் கூட்டக்கூடும் என்று கருதப்படும் கிளாரி சேஜ் எண்ணெயைத் தொட மாட்டார்கள். பல பேர் படுத்திருக்கும் வார்டில் ஆவி பரப்பும் கருவியையும் வைக்க மாட்டார்கள், அடுத்த கட்டில்காரிக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால்.

நம் அலமாரியில் இருப்பவை இவற்றைவிட வீரியமானவை. ஊட்டியிலிருந்து வாங்கிவரும் வின்டர்கிரீன் தைலம் ஏறக்குறைய முழுக்க மீத்தைல் சாலிசிலேட். ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். தேய்த்தாலும் தோல் வழியே ரத்தத்தில் கலக்கும். கர்ப்பிணியின் இடுப்பு வலிக்கு அதைத் தேய்க்கவே கூடாது. சூடம் நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையைச் சேரும். பச்சைக் குழந்தைக்கு வலிப்பையே வரவழைக்கும். தலை குளிப்பாட்டியபின் போடும் சாம்பிராணியில் வாசம் கொஞ்சம், புகை அதிகம். அந்தப் புகை போகும் நுரையீரல் பிறந்து சில நாளே ஆனது. இதைச் சொன்னால் பாட்டிமார்களுக்குக் கோபம் வரும். வரட்டும், குழந்தையின் மூச்சு அதைவிடப் பெரிது.

பிரசவ வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தவற்றில் மசாஜும் வெந்நீர் ஒத்தடமும் உண்டு. கூடவே ஒரு துணையும் இருக்க வேண்டும் என்கிறது அது. தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004இலேயே பிரசவத் துணையை அனுமதித்துவிட்டோம். அம்மாவோ மாமியாரோ அக்காவோ இடுப்பைத் தேய்த்துவிட்டபடி பக்கத்தில் நிற்கிறார்கள். வேலூர், ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்து மருத்துவமனைகள் இங்கிருந்தே ஒரு சோதனையைத் தொடங்கலாம். ஒரு பிரிவுக்கு வெறும் நல்லெண்ணெய், இன்னொன்றுக்கு ஒரு சதவீத லாவெண்டர் கலந்தது, யாருக்கு எது என்று குலுக்கலில் முடிவு செய்ய வேண்டும். தேய்ப்பவர் அதே துணை, தேய்க்கும் நேரமும் ஒன்றே. ஒவ்வொரு மணிக்கும் வலியையும் பயத்தையும் அந்தப் பெண்ணிடமே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.