மலையும் ஆறும் கண்மாயும்

மேற்குத் தொடர்ச்சி மலையானது தபதி நதியின் தென்புறத்தில் தொடங்கிக் கன்னியாகுமரி வரையில் சுமார் 1,000 மைல் நீளத்திற்கு ஒரு மதில்போல நிற்கிறது. பயிர்த்தொழில் செய்வோர் இதனைத் தூரத்தே தோன்றும் ஓர் அழகிய காட்சியாக மட்டும் கருதலாகாது. ஒரு ஜில்லாவில் இருபோகம் விளைவதும், அடுத்த ஜில்லாவில் ஒரு போகத்திற்கே வானத்தை நோக்கியிருக்க நேர்வதும் பெரும்பாலும் இம்மலை நிற்கும் நிலையைப் பொறுத்தனவே. இவ்வுண்மையைத் தாமிரபரணி, வைகை என்னும் இரண்டு ஆறுகளைக் கொண்டு விளக்குவோம்.

தாமிரபரணி

தாமிரபரணி பொதிகை மலையில் பிறக்கிறது. அம்மலையின் அகத்தியர் சிகரம் 6,000 அடிக்கு மேற்பட்ட உயரமுடையது. இச்சாரல்களில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவக் காற்றுகளும் மழை பொழிகின்றன. அம்மழைநீரை மலைமேலுள்ள சோலைக்காடுகளும் புல்வெளிகளும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றன. ஆகையால், நீளத்தில் சுமார் 80 மைலே ஆயினும், இது வற்றாத ஆறு என்னும் பெயர் பெற்றது. ஆனியில் வரும் நீர் கார் சாகுபடிக்கும், ஐப்பசியில் வரும் நீர் பிசானத்திற்கும் உதவுகின்றன. இந்நீரைப் பகிர்ந்தளிக்க ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன.

வைகை

வைகையோ வருஷநாட்டு மலையில் தோன்றிச் சுமார் 160 மைல் ஓடுகிறது. தாமிரபரணியைப்போல் இருமடங்கு நீளமுடையதாயினும் அதைப்போல் நீர்வளம் உடையதன்று. இதற்குக் காரணம் யாதெனில், இதன் மேற்கே ஏலமலை உயர்ந்து நின்று தென்மேற்குக் காற்றைத் தடுப்பதேயாம். மேகங்கள் மேற்குச் சரிவிலேயே பெரும்பகுதி நீரைச் சொரிந்துவிடுவதால், கீழ்ப்புறமாகிய கம்பம் பள்ளத்தாக்கிற்கு வரும் காற்றில் ஈரம் குறைந்துபோகிறது. ஆகவே, வைகை ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையையே பெரிதும் நம்பியிருப்பதாயிற்று.

இக்குறையை ஒருவாறு நீக்கவே, மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் வீழும் பெரியாற்றைத் தடுத்து அணை கட்டப்பட்டது. ஜான் பென்னிகுவிக் என்னும் இஞ்சினீயரின் மேற்பார்வையில் 1887ல் தொடங்கிய இவ்வேலை 1895ல் நிறைவேறியது. சுமார் ஒரு மைல் நீளம் மலையைக் குடைந்து, அந்நீர் கிழக்கே வைகையுடன் சேர்க்கப்பட்டது. பின்னர் 1959ல் வைகை அணையும் திறக்கப்பட்டது.

இயற்கை ஏரிகள் இல்லாமை

குளிர்ந்த தேசங்கள் பலவற்றில், பண்டைக்காலத்துப் பனிப்பாறைகள் நகர்ந்து நிலத்தைக் குடைந்தமையால், நன்னீர் ஏரிகள் எண்ணிறந்தன உண்டாயின. நம் நாட்டுச் சமவெளியில் அவ்வாறு நிகழவில்லை. கடலோரத்திலுள்ள பழவேற்காடு, கழுவெளி போன்றவை இயற்கையானவை; ஆனால், அவற்றின் உவர்நீர் பயிருக்கு உதவாது. உதகமண்டலத்திலும் கோடைக்கானலிலும் காணும் ஏரிகளும் 19ஆம் நூற்றாண்டில் மனிதர் அமைத்தவையே.

இயற்கை கொடாததை நம் முன்னோர் தாமே செய்துகொண்டனர். நிலம் மேற்கிலிருந்து கிழக்காக மெல்லச் சரிந்திருத்தலை உணர்ந்து, சரிவின் குறுக்கே பிறை வடிவமாகக் கரையெடுத்து, மேற்கண்மாயின் மறுகால் நீர் கீழ்க்கண்மாய்க்கு வரத்தாகும்படி சங்கிலியாகக் கோத்தனர். இவ்விதமாகத் தமிழ்நாட்டில் 39,000க்கு மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. வைகையின் நீர் பல கண்மாய்களை நிரப்பிக்கொண்டு சென்று, கடைசியில் இராமநாதபுரம் பெரிய கண்மாயை அடைகிறது.

நாம் செய்ய வேண்டுவன

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் முழுச் சங்கிலியும் பயனற்றுப்போம். மேலூரான் ஒருவன் வரத்துக்காலை அரை முழம் வெட்டித் தன் வயலுடன் சேர்த்துக்கொண்டால், வறட்சியில் கீழூரார் பயிரை இழப்பர். பெருமழையிலோ, போக வழியற்ற நீர் அவன் வயலையே முதலில் மூழ்கடிக்கும். 1923ஆம் ஆண்டுக்குச் சரியாக நூறாண்டுகளுக்குப் பின், அதாவது 2023 டிசம்பர் மாதம், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 37 அங்குல மழை பெய்து, தாமிரபரணிப் பாசனப் பகுதியில் குளங்கள் பல உடைந்து ஊர்களும் வயல்களும் வெள்ளத்தில் மூழ்கியதை எவரும் மறந்திரார்.

ஆகையால், ஆடி முடிவதற்குள் ஒவ்வொரு கிராமத்தாரும் ஒன்றுகூடி, வரத்துக்காலைத் தலைமுதல் கடைவரை நடந்து பார்ப்பது நலம். முட்செடிகளை வேருடன் களைதல், மடையின் அடைப்பலகையைச் சோதித்தல், கலிங்கின் முன்னுள்ள மண்மேட்டை அகற்றுதல், கரையிலுள்ள நண்டு வளைகளையும் எலி வளைகளையும் அடைத்தல் ஆகியவற்றை மழைக்கு முன்னரே முடிக்க வேண்டும். உரிய அனுமதி பெற்று எடுக்கும் வண்டல், மணற்பாங்கான நிலத்திற்குச் சிறந்த எருவாகும், கண்மாயும் ஆழமாகும். கிராம அதிகாரிகள் புலப்படத்தைக் கையிற்கொண்டு கால்வாயின் எல்லைக்கற்களைச் சரிபார்த்து, ஆக்கிரமிப்பு சிறிதாயிருக்கும்போதே தடுப்பாராக.

மலையை இடம் மாற்றவோ, காற்றின் போக்கைத் திருப்பவோ நம்மால் இயலாது. மலை தரும் நீர் வயலை வந்தடையும் வழியைக் காப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. அதனைக் குடியானவர்கள் தங்கள் வயல் வரப்பைக் காப்பதுபோலவே காத்துவருவார்களாக.