சுவடிக் கொடிவழியை வரைதல்: திறந்த மூல மென்பொருளால் வரைகலை மாதிரியாக்கக் கருவி அமைக்கும் முறை

முன்னுரை

மூலபாட ஆய்வில் சுவடிகளுக்கிடையேயான உறவைக் காட்டக் கொடிவழிப் படம் வரைவர். கார்ல் லாக்மன் 1850இல் வெளியிட்ட லுக்ரீஷியஸ் பதிப்பை ஒட்டி இம்முறை ஐரோப்பியச் செம்மொழிப் புலமையில் வேரூன்றியது. இன்று இத்தகைய படத்தைச் சொற்செயலியிலேயே கட்டங்களும் அம்புக்குறிகளுமாக வரைந்துவிடலாம். ஆனால் அங்கே கணினி அறிவது கட்டத்தையும் கோட்டையும் மட்டுமே. ஒரு படி தனக்குத்தானே மூதாதையாகும்படி அம்புகளை இட்டாலும் அது தடுக்காது. கட்டம் சுவடியையும் கோடு படியெடுத்தலையும் குறிக்கும் என்பதை அறிந்து, பொருந்தாத கோட்டைச் சுட்டிக்காட்டும் கருவியை ஆய்வாளரே அமைத்துக்கொள்ள இயலும். அதற்கு உதவும் திறந்த மூல மென்பொருளான எக்லிப்ஸ் சிரியஸின் செயல்முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அவ்வாறு அமைக்கும்போது எடுக்கும் ஒரு சிறு முடிவு பாடத்தேர்வையே பாதிக்கக்கூடும் என்பதையும் எடுத்துக்காட்டுகிறது.

மீமாதிரியும் தோற்றமும்

எக்லிப்ஸ் சூழலில் இத்தகைய கருவிகளுக்கு அடித்தளமாக அமைவது எக்லிப்ஸ் மாடலிங் ஃப்ரேம்வொர்க். எந்தெந்த வகைப் பொருள்கள் உள்ளன, அவற்றின் பண்புகள் யாவை, எது எதனோடு எத்தனை முறை உறவு கொள்ளலாம் என்பவற்றை 'ஈகோர்' என்னும் வடிவில் முதலில் வரையறுக்க வேண்டும். இவ்வரையறையே மீமாதிரி. ஒரு குறிப்பிட்ட நூலின் சுவடிகளைப் பற்றிய தரவு, இதற்கு உட்பட்டு எழும் மாதிரி. நூற்பாவுக்கும் எடுத்துக்காட்டுக்கும் உள்ள உறவை இங்கு நினைவுகூரலாம்.

இதற்கு முன்னர் வழங்கிய ஜிஎம்எஃப் என்னும் கருவித்தொகுதி, வரையறைகளிலிருந்து ஜாவா நிரலைப் பிறப்பிக்கும் முறையைப் பின்பற்றியது. வரையறையை மாற்றினால் நிரலை மீண்டும் பிறப்பிக்க வேண்டும். பிரான்சின் தாலேஸ், ஒபேயோ நிறுவனங்களின் உழைப்பில் உருவான சிரியஸ், வரைபட வரையறையை இயங்கும்போதே படித்துச் செயற்படுத்துகிறது. ஆகவே எந்த வகைப் பொருளை எவ்வடிவில் காட்டுவது, கருவிப்பட்டையில் எவற்றை வைப்பது என்பனவற்றை மாற்றியவுடன் படத்தில் விளைவைக் காணலாம். நிரலாக்கப் பயிற்சி மிகுதியாக இல்லாத மொழித்துறை ஆய்வாளருக்கு இது பெரிய வசதி. தாலேஸின் பொறியியல் வடிவமைப்புக் கருவியான காப்பெல்லாவும் சிரியஸின் மேல் எழுப்பப்பட்டதே.

தாய்ப்படி ஒன்றா, பலவா?

சுவடிக் கொடிவழிக்கு முதலில் 'மரபு', 'படி' என்னும் இரு வகுப்புகள் போதும். படிக்குக் குறியெழுத்து, காலம், கிடைத்துள்ளதா இல்லையா ஆகியவை பண்புகள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கொடிவழி மரம்போல் தோன்றுவதால், சேய்ப்படியைத் தாய்ப்படியின் 'உள்ளடக்கமாக' வரையறுக்கத் தோன்றும். ஈகோரில் ஒரு பொருளை ஒரே நேரத்தில் ஒரு பொருள் மட்டுமே உள்ளடக்க இயலும். அவ்வாறு வரையறுத்த கணமே எந்தப் படிக்கும் இரண்டு தாய்ப்படிகள் இருத்தல் இயலாது என்று ஆய்வாளர் தம்மை அறியாமல் தீர்ப்பளித்துவிடுகிறார். எல்லாப் படிகளையும் 'மரபு' உள்ளடக்குவதாக அமைத்து, தாய்ப்படியைச் சாதாரணச் சுட்டுறவாக வைப்பதே தகும். அப்போதும் அவ்வுறவின் மேலெல்லையை 1 என்று இடுவதா, வரம்பற்றது என்பதைக் குறிக்கும் -1 என்று இடுவதா என்னும் வினா எஞ்சும்.

இவ்வெண் ஒரு கோட்பாட்டு நிலைப்பாடு. ஏடெழுதுவோர் ஒரு படியைப் பார்த்து எழுதி, பிறிதொரு படியோடு ஒப்புநோக்கித் திருத்தியிருந்தால், அப்படியில் இரு மரபுகளின் பாடங்கள் கலந்திருக்கும். பவுல் மாஸ் 1927இல் வகுத்தளித்த நெறிமுறை, பாடக்கலப்பு இல்லாத மரபையே அடிப்படையாகக் கொண்டது. ஜோர்ஜோ பஸ்குவாலி 1934இல் வெளியிட்ட நூல் கலப்புடைய மரபுகளை விரிவாக ஆராய்ந்தது. மேலெல்லையை 1 என்று இடுபவர் மாஸின் பக்கம் நிற்கிறார். -1 இடுபவர் பஸ்குவாலியின் பக்கம்.

விளைவைக் காண்போம். கிடைத்துள்ள ஒரு படியிலிருந்து மட்டுமே பிறந்த படிக்குத் தனிச் சான்றுமதிப்பு இல்லை. பதிப்பாசிரியர் அதனை விலக்கலாம். சிரியஸில் நிபந்தனைப் பாணியொன்றை அமைத்து இத்தகைய படிகளைச் சாம்பல் நிறத்தில் காட்டலாம். 'ஆ' என்னும் சுவடி 'அ'வைப் பார்த்து எழுதப்பட்டு, இன்று கிடைக்காத வேறொரு படியைக்கொண்டு திருத்தப்பட்டது எனக் கொள்வோம். மேலெல்லை 1 ஆயின் இரண்டாம் கோட்டை வரைய இடமில்லை. கருவி 'ஆ'வைச் சாம்பல் நிறமாக்கும். மறைந்த படியின் பாடங்களைத் தாங்கிய ஒரே சான்று இவ்வாறு விலக்கப்பட்டுவிடும். படம் ஒழுங்காகத் தோன்றுவதால் பிழை கண்ணிற்படவும் செய்யாது. உ.வே.சாமிநாதையர் 'பிரதிபேதம்' என்று குறித்து வைத்தவற்றைப் பயன்கொள்ளும் ஆய்வாளர், இத்தகைய இழப்பை எளிதாகக் கடந்துவிட இயலாது.

கோட்டுக்குச் சான்று

மேலெல்லையை -1 ஆக்கினால் மட்டும் போதாது. யாரும் எதனோடும் கோடு வரையலாம் என்றாகிவிடும். எனவே படியெடுத்தலைத் தனி வகுப்பாகவே உயர்த்துதல் நலம். 'படியெடுப்பு' என்னும் அவ்வகுப்புக்குத் தாய்ப்படி, சேய்ப்படி, தன்மை (முழுப்படியா, திருத்தமா), சான்றாகும் பாடவேறுபாடுகள் ஆகியவை உறுப்புகள். சிரியஸ் வெறும் உறவையும் கோடாகக் காட்டும். இத்தகைய வகுப்பையும் கோடாகக் காட்டும். இரண்டாவது வழியில் கோட்டைத் தேர்ந்தவுடன் அதற்குரிய சான்றுகள் பண்புப் பலகத்தில் விரியும். சான்று இல்லாத கோட்டைப் புள்ளிக்கோடாகக் காட்டுமாறும் செய்யலாம்.

சரிபார்ப்பு விதிகளை ஏகியூஎல் என்னும் வினவுமொழியில் எழுதலாம். எந்தப் படியும் தன் மூதாதையர் வரிசையில் தானே இடம்பெறலாகாது என்பதைப் 'பிழை' எனவும், கிடைக்காத படி ஒன்றைக் கற்பித்து அதற்கு ஒரே சேய்ப்படியைக் காட்டுவதை 'எச்சரிக்கை' எனவும் தரப்படுத்துவது பொருந்தும். பின்னது பிழையென்று தள்ளத்தக்கதன்று. முகவுரையிலோ ஏட்டின் இறுதிக் குறிப்பிலோ அம்மறைந்த படியைப் பற்றிய செய்தி இருக்கலாம். காட்டப்பட்ட பாடவேறுபாடு உண்மையில் உறவை நிறுவுகிறதா, இரு ஏடெழுதுவோர் தனித்தனியே செய்த பிழையா என்பதைக் கருவி அறியாது.

நடைமுறையில் ஒரு குறிப்பு: வகுப்புகளின் உட்பெயர்களை உரோமன் எழுத்தில் வைத்து, திரையில் தோன்றும் பெயர்களைத் தமிழில் அமைப்பது தொல்லை குறைந்த வழி. மாதிரி எக்ஸ்எம்ஐ கோப்பாகவும், படத்தின் அமைப்பு தனிக்கோப்பாகவும் சேமிக்கப்படுகின்றன. எனவே படத்தை அழித்தாலும் தரவு அழியாது. அதே தரவிலிருந்து கலப்புக் கோடுகளை மறைத்த படமொன்றும், அவற்றை மட்டும் காட்டும் படமொன்றும் பெறலாம்.