கெட்டுப்போனதும் 'கோ பேட்' ஆனதும்



2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்தை அறிவீர்கள். ஆலையில் பிழிந்த கரும்புச்சாற்றை அப்படியே விட்டால் புளித்துப்போகும். ஆங்கிலத்தில் இதை 'டர்ன் சவர்' என்பார்கள். டர்ன் வினைச்சொல், சவர் பெயரடை. பாகு காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் கையால் உருட்டிய வெல்லம் இறுகினால் 'செட் ஹார்ட்'.

வினையை அடுத்து வருவதால் பெயரடையுடன் 'லி' சேர்க்க வேண்டுமோ என்று நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். வேண்டாம். ஹார்ட் என்பது இறுகிய விதத்தைச் சொல்லவில்லை, வெல்லம் அடைந்த நிலையைச் சொல்கிறது. 'ஹார்ட்லி' என்றாலோ 'அரிதாக' என்று பொருளே மாறிவிடும். ஆறு வற்றினால் 'ரன் டிரை', குழந்தை தூங்கிவிட்டால் 'ஃபால் அஸ்லீப்'. எல்லாம் இதே அமைப்புதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 'கோ' என்ற வினை. பால் கெட்டால் 'கோ பேட்', பார்வை போனால் 'கோ பிளைண்ட்', கடை திவாலானால் 'கோ பேங்க்ரப்ட்'. பெரும்பாலும் கேட்டுக்குத்தான் அது வருகிறது. நாமும் கெட்டுப்போனது, அழுகிப்போனது, நொடித்துப்போனது என்று 'போ'வைத்தானே சேர்க்கிறோம்! கனவு பலித்தால் மட்டும் ஆங்கிலம் 'கம்' பக்கம் திரும்பும்: 'கம் ட்ரூ'. ஆணி கழன்றாலும் 'கம் லூஸ்' என்பதால் இதை முழு விதியாகக் கொள்ள வேண்டாம். மாணவர்கள் வினையையும் பெயரடையையும் பிரிக்காமல் சேர்த்தே மனப்பாடம் செய்யலாம்.