விலைப்பலகையிலும் அளவு சரியாக இருக்கட்டும்

தராசில் நாம் காட்டும் கவனத்தை விலைப்பலகையிலும் பில்லிலும் காட்டுகிறோமா என்றால், பல கடைகளில் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். எடை சரியாக இருந்தும் எழுத்தில் நேர்ந்த பிழையால் நஷ்டமும் சச்சரவும் வருவதுண்டு.

சில வருடங்களுக்கு முன் என் கடைக்குக் கடலை எண்ணெய் விலைப்பட்டியல்கள் இரண்டு வந்தன. இரண்டிலும் 'டின் 15' என்று மட்டுமே இருந்தது. விலை குறைவாக இருந்த இடத்தில் 10 டின் எடுத்தேன். சரக்கு வந்த பிறகுதான், மற்றவருடையது 15 கிலோ டின், நான் வாங்கியது 15 லிட்டர் டின் என்று தெரிந்தது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். ஆகவே 15 லிட்டர் என்பது ஏறத்தாழ 13 கிலோ 650 கிராம். 10 டின்னில் 13½ கிலோ எண்ணெய் வித்தியாசம்! ஒரு சொல்லை எழுதாமல் விட்டதும், நான் கேட்காமல் விட்டதுமே காரணம்.

நம் நாட்டில் மெட்ரிக் எடைகள் 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இன்று அமலில் உள்ள 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, விலைப்பட்டியல், பில், விளம்பரம் எதிலும் மெட்ரிக் அலகுகளில்தான் விலை குறிப்பிட வேண்டும். வாயால் விலை சொல்வதற்கும் இது பொருந்தும். 'படி', 'ஆழாக்கு', 'வீசை' என்று பலகையில் எழுதுவது கூடாது.

கடையில் கவனிக்க வேண்டியவை:

1. 'கி.' என்று சுருக்க வேண்டாம். அது கிலோவா, கிராமா? ஏலக்காய் விலையில் இந்தக் குழப்பம் வந்தால் என்ன ஆகும்! தமிழில் முழுச் சொல்லாகவே எழுதுங்கள்.

2. '100 கிராமுக்கு' என்பதே சரி. '100 கிராமத்துக்கு' என்றால் அது ஊர்க்கணக்கு.

3. 'மில்லி' என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றுதான் பொருள். பேச்சில் 'மில்லி' என்று சொன்னாலும், எழுதும்போது மில்லிலிட்டர் அல்லது மி.லி. என்று எழுதுங்கள்.

4. ஆங்கிலத்தில் கிலோகிராமுக்குக் 'கே', 'ஜி' இரண்டுமே சிறிய எழுத்துகள். கிராமுக்கு 'ஜி' மட்டும், 'ஜிஎம்' தவறு. 10 கிலோவானாலும் கடைசியில் 'எஸ்' சேர்க்கக் கூடாது. சுருக்கப் புள்ளியும் வேண்டாம். எண்ணுக்கும் குறியீட்டுக்கும் நடுவே சிறிது இடம் விடுங்கள்.

5. அரைக் கிலோவை '.5 கிலோ' என்று எழுதினால், புள்ளி அழிந்ததும் 5 கிலோவாகிவிடும். '500 கிராம்' என்று எழுதுங்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலங்களில் நிகர எடையைக் கிராமில் குறிப்பிடுவதே விதி.

6. பொட்டலத்தில் நிகர எடைக்கு முன் 'சுமார்', 'குறைந்தது' போன்ற சொற்கள் கூடாது.

பை, லேபிள் அச்சடிக்கக் கொடுக்கும்போது, புரூஃபைக் கையில் வாங்கி அளவு உள்ள வரியை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் அச்சான பிறகு பிழை தெரிந்தால் பையும் வீண், பணமும் வீண். தராசு முள்ளை நம்பும் வாடிக்கையாளர், நாம் எழுதிய எழுத்தையும் நம்பித்தான் காசு கொடுக்கிறார்.