காரின் பெயிண்டும் கூடுதல் பொருட்களும்

காரின் தகட்டின் மேல் பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். டோர் வைசர், மட்ஃபிளாப், ரூஃப் கேரியர் ஆகியவற்றின் அடியில் தூசி சிக்கினால், வண்டி ஓடும் அதிர்வில் அது உப்புத்தாள்போலத் தேய்த்துப் பளபளப்பை மங்கவைக்கும். திருகுக்காகப் போட்ட துளையில் தகடு வெளியே தெரிந்தால், துரு அங்கிருந்தே பரவும்.

இவற்றை மாட்டுவதற்கு முன் அவை பொருந்தும் இடத்தைக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, பொருள் உரசும் பகுதியில் பெயிண்டைப் பாதுகாக்கும் பிபிஎஃப் படலம் ஒட்டுவது நல்லது. துளை தவிர்க்க முடியாதென்றால், விளிம்பில் துருத்தடுப்பு பிரைமர் பூசி, ரப்பர் வாஷர் வைத்து முடுக்க வேண்டும். டேப்பால் ஒட்டியதைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரால் நெம்பக் கூடாது. ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, தூண்டில் நரம்பால் அறுத்தெடுத்தால் பெயிண்ட் உரிவது பெரிதும் குறையும்.