பாடநூல் மாறுகிறது, வரலாற்று வகுப்பு மாறுகிறதா? - ஒரு விளக்கம்

புதுடெல்லி: பள்ளி வரலாற்றுப் பாடநூல்கள் குறித்த சர்ச்சை நாட்டிற்குப் புதிதல்ல. வரலாற்றாசிரியர் ஆர்.எஸ். சர்மா எழுதிய 'பண்டைய இந்தியா' நூல், ஜனதா ஆட்சிக் காலத்தில் 1978-ல் சிபிஎஸ்இ பாடத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. 2002-ல் புதிய நூல்கள் வந்தன. 2004 ஆட்சி மாற்றத்திற்குப் பின் அவையும் கைவிடப்பட்டன. 2023-ல் 12-ஆம் வகுப்பு நூலிலிருந்து முகலாய அரசவை குறித்த அத்தியாயம் நீக்கப்பட்டது. கரோனாவுக்குப் பிந்தைய பாடச்சுமைக் குறைப்பே காரணம் என்றது என்சிஇஆர்டி. நீக்கப்பட்ட பகுதிகளுக்காகக் கேரள அரசு அதே ஆண்டு துணைப் பாடநூல்களை வெளியிட்டது.

இந்த விவாதங்கள் அனைத்தும் நூலில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சுற்றியே நடக்கின்றன. அந்த நூலை வைத்து வகுப்பறையில் என்ன செய்வது என்ற கேள்விக்கு அவற்றில் அரிதாகவே இடம் கிடைக்கிறது.

ஒரு நிகழ்வு, பல சான்றுகள்

ஜாலியன்வாலா பாக் படுகொலையை எடுத்துக்கொள்ளலாம். 1919 ஏப்ரல் 13 என்ற தேதியும், ஜெனரல் டயர் என்ற பெயரும், உயிரிழந்தோர் 379 பேர் என்ற எண்ணிக்கையும் ஒரு மதிப்பெண் வினாவுக்குப் போதுமானவை. ஆனால் 379 என்பது ஆங்கிலேய அரசு ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை. காந்தி இடம்பெற்ற காங்கிரஸ் குழு தனியே விசாரணை நடத்தி, உயிரிழப்பு அதைவிட மிக அதிகம் என்றது. அரசு அமைத்த ஹண்டர் குழுவிற்குள்ளேயே இந்திய உறுப்பினர்கள் மூவர் தனி அறிக்கை அளித்தனர். சுடாமலேயே கூட்டத்தைக் கலைத்திருக்க முடியும் என்பதை அக்குழுவின் முன் டயரே ஒப்புக்கொண்டார்.

இச்சான்றுகளை அருகருகே வைத்தால் மாணவர்களிடம் கேள்விகள் எழும். இறந்தவர்களைக் கணக்கெடுத்தது யார்? எப்போது? அரசிடம் வந்து பெயர் கொடுக்க அஞ்சியவர்கள் இருந்திருக்கமாட்டார்களா? எண்ணிக்கை ஏன் வேறுபடுகிறது என்று சிந்திக்கும் மாணவர், வரலாற்றாசிரியர் செய்யும் வேலையில் ஒரு சிறு பகுதியைத் தாமே செய்துவிடுகிறார். எந்த எண்ணிக்கையையும் நம்ப இயலாது என்ற முடிவுக்கு அவர் போய்விடாமல், எது வலுவான சான்று என்று எடைபோடக் கற்றுத்தருவது ஆசிரியரின் பொறுப்பு. இது எளிதன்று, இரண்டு பாடவேளைகளாவது தேவைப்படும்.

பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான 2005 தேசியக் கலைத்திட்டம் மனப்பாட முறையிலிருந்து விலகவே வலியுறுத்தியது. அதையொட்டி வந்த 12-ஆம் வகுப்பு நூல்களில் கல்வெட்டு, பயணக்குறிப்பு, கடிதம் போன்ற மூலச்சான்றுகள் பக்கத்திற்குப் பக்கம் இடம்பெற்றன.

புதிய நூலின் குறிப்பு

2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் 6-ஆம் வகுப்பில் வரலாறு, புவியியல், குடிமையியல் ஆகியவை 2024-ல் ஒரே நூலாக இணைக்கப்பட்டன. 2025-ல் வந்த 8-ஆம் வகுப்பு நூல், படையெடுப்புகளையும் கொடுமைகளையும் விவரிப்பதோடு, கடந்தகாலச் செயல்களுக்கு இன்று வாழும் எவரையும் பொறுப்பாக்கக் கூடாது என்ற குறிப்பையும் தருகிறது. குறிப்பு நல்லதுதான். ஆனால் பல மதத்துப் பிள்ளைகள் ஒன்றாக அமரும் வகுப்பில், ஒரு மன்னனின் கொடுமையைப் படிக்கும்போது மற்றவர்களின் பார்வை எந்த மாணவர் மீது திரும்புகிறது என்பதை ஆசிரியர் மட்டுமே கவனிக்க முடியும். அம்மன்னன் குறித்து எழுதியவர் யார், எவருக்காக எழுதினார், அதே காலத்தின் பிற சான்றுகள் என்ன கூறுகின்றன என்று அவர் சேர்த்துக் கற்பித்தால் அந்தப் பார்வை நூலின் பக்கம் திரும்பும்.

தேர்வு எனும் தடை

சிபிஎஸ்இ 12-ஆம் வகுப்பு வரலாற்றுத் தேர்வின் 80 மதிப்பெண்களில் மூலச்சான்று வினாக்களுக்கு 12 மட்டுமே. எஞ்சியவற்றில் பெரும்பகுதிக்கு நினைவாற்றலே போதும் என்றால், மாணவர்கள் அதைத்தான் பயிற்சி செய்வார்கள். மத்தியப் பிரதேசத்தில் 'ஏகலவ்யா' அமைப்பு 1980-களில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய சமூக அறிவியல் திட்டத்தில், புத்தகத்தைத் திறந்து வைத்தே மாணவர்கள் தேர்வு எழுதினர்.

சிபிஎஸ்இ 2014-ல் அறிமுகம் செய்த திறந்த புத்தக முறையைச் சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. 2026-27 கல்வியாண்டு முதல் 9-ஆம் வகுப்பில் சமூக அறிவியல் உள்ளிட்ட பாடங்களுக்கு அம்முறையை மீண்டும் கொண்டுவர 2025-ல் ஒப்புதல் அளித்துள்ளது. பள்ளிகளுக்கு அது கட்டாயமில்லை.