உங்களுக்குத் தெரியுமா? – வீட்டுக்கு முதல் நாஸ்

குடும்பத்தின் ஃபோட்டோ, வீடியோ எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, ரௌட்டரோடு லேன் கேபிளில் இணைத்தால் அதுதான் நாஸ். வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது பிராசஸரைப் பற்றி. கோப்புகளை வைத்து எடுக்க மட்டும் என்றால், கடைசியாக விசாரிக்க வேண்டியதே அதுதான்!

*

கிகாபிட் லேனில் நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் போகாது. கைக்கு வருவது 110 சொச்சம். இன்றைய 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்றே பெரிய கோப்புகளை இதைவிட வேகமாகப் படித்துவிடும். ஆகவே வேகத்துக்காக எஸ்எஸ்டி அடுக்குவது வீண்செலவு. அந்தப் பணத்தில் 2.5 கிகாபிட் போர்ட் உள்ள பெட்டியைப் பாருங்கள். 2016இல் வந்த இந்தத் தரம், சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கேட்-5இ கேபிளிலேயே வேலை செய்யும். சுவிட்ச்சும் கணினியும்கூட அதே வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

*

4 டெராபைட் டிஸ்க்கை விண்டோஸ் 3.63 என்றுதான் காட்டும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

*

எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கில் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏறியிருக்கும். குறைந்த இடத்தில் நிறையத் தகவல் அடங்கும். ஆனால் ஒரு தடத்தைத் திருத்தினால் அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். படம் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. பழுதான டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகி, மணிக்கணக்கில் விடாமல் எழுதும்போதுதான் திணறும். அதாவது, மிகவும் தேவைப்படுகிற நேரத்தில்.

நாஸுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில், 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்களில் இந்த முறை சொல்லாமலே புகுத்தப்பட்டிருந்தது 2020 ஏப்ரலில் வெளிவந்தது. அமெரிக்காவில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. அதன் பிறகே, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் டிஸ்க்குகள் ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரிந்தன. அட்டைப்பெட்டியில் ‘நாஸ்’ என்று அச்சிட்டிருப்பது போதாது. மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் தேடி, சிஎம்ஆர் என்றிருந்தால் மட்டும் பணத்தை எடுங்கள்.

*

படிக்க முடியாத இடம் வந்தால் நாஸ் டிஸ்க் பொதுவாக ஏழு நொடியில் கைவிரித்துவிடும். சாதாரண டிஸ்க் அதற்கு மேலும் முட்டிமோதிக்கொண்டே இருக்கலாம். தனியாக ஓடும் டிஸ்க்குக்கு அந்தப் பிடிவாதம் நல்லதுதான். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து ஓட்டும் ரெய்டில் அப்படிச் செய்தால், ‘இது செத்துவிட்டது’ என்று கன்ட்ரோலர் அதை ஒதுக்கிவிட வாய்ப்புண்டு.

*

ஹார்ட் டிஸ்க்கைத் திட்டினால் அதன் வேகம் குறையும்! சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக் 2008இல் டிஸ்க் வரிசைக்கு முன்னால் நின்று கத்திக் காட்டினார். பதில் தாமதத்தைக் காட்டும் வரைபடம் அந்தக் கணமே எகிறியது. காரணம் அதிர்வு. ஆடாத பெட்டியும், டிஸ்க்குக்கு அடியில் ரப்பர் தாங்கியும் கேட்டு வாங்குங்கள்.

*

பரணில் கிடக்கும் பழைய கணினியே போதும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. சும்மா நிற்கும்போதே 60 வாட் இழுத்தால், 60 நாளில் 86 யூனிட். 20 வாட் இழுக்கும் சின்னப் பெட்டிக்கு 29. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. அதை மின்விசிறியும் ஃப்ரிட்ஜும் எப்போதோ தின்றிருக்கும். நாஸின் யூனிட்டுகள் போய் விழுவது மேல் ஸ்லாபில்.

*

சுழன்றுகொண்டிருக்கும் 3.5 அங்குல டிஸ்க்குக்குப் பத்து வாட்டுக்குள் போதும். சுழலத் தொடங்கும் சில நொடிகளில் மட்டும் 20 வாட்டுக்கு மேல் கேட்கும். நான்கு டிஸ்க் ஒன்றாகக் கிளம்பினால் அதற்கே 80, 100 வாட் என்று கணக்கிட்டு பவர் சப்ளை வாங்குங்கள். யூபிஎஸ் வாங்கும்போது யூஎஸ்பி போர்ட் உள்ளதா என்று பாருங்கள். கரன்ட் போனதை நாஸுக்குச் சொல்லி, ஒழுங்காக ஷட்டவுன் ஆக வைப்பது அதுதான்.

*

வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகளுக்கு 2015உடன் அப்டேட் நின்றுபோனது. 2021 ஜூனில் உலகெங்கும் பலருடைய பெட்டிகள், இணையம் வழியாக நுழைந்தவர்களால் ஒரே வீச்சில் துடைக்கப்பட்டன. எத்தனை ஆண்டுக்கு அப்டேட் தருவார்கள் என்பதையும் விலையோடு சேர்த்துக் கேளுங்கள்.

*

டிஸ்க் எத்தனை மணிநேரம் ஓடியது என்பது அதன் ஸ்மார்ட் பதிவில் இருக்கும். விடாமல் ஓடினால் ஆண்டுக்கு 8,760. அதையும் பூஜ்யமாக்கலாம்! 2025 தொடக்கத்தில், ஜெர்மனியில் புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகள் பல ஆயிரம் மணிநேரம் உழைத்தவை என்பது அம்பலமானது. ஸ்மார்ட் எண்ணை அழித்தவர்கள் ‘ஃபார்ம்’ என்ற இன்னொரு பதிவை மறந்துவிட்டார்கள். சீகேட் டிஸ்க் என்றால், ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளில் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பில் கையில் இருக்கும்போதே பாருங்கள்.